இழையின் வலிமை பிடிப்பில் இருக்கிறது

விளக்குத் திரிக்கென்று வீட்டில் வைத்திருக்கும் பஞ்சிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து, இரு கை விரல்களாலும் பற்றி மெல்ல இழுத்துப் பாருங்கள். எவ்வித எதிர்ப்பும் காட்டாமல் அது இரண்டாகப் பிரிந்து வந்துவிடும். மீண்டும் ஒரு சிட்டிகை எடுத்து, இம்முறை விரல்களுக்கிடையே வைத்து நன்றாக முறுக்கியபின் இழுங்கள். அதே பஞ்சுதான், அதே அளவுதான், ஆனால் இப்போது அது எளிதில் பிரிய மறுக்கிறது. நாம் அதில் பசை எதுவும் தடவவில்லை. வேறு பொருள் எதையும் கலக்கவும் இல்லை. முறுக்கினோம், அவ்வளவே.

இந்தச் சிறு சோதனையில் வெளிப்படும் உண்மையே நாம் உடுத்தும் சேலைக்கும் கைலிக்கும், அரிசி வரும் சாக்குக்கும், குழந்தை உறங்கும் ஏணைக்கும், பேருந்தின் டயருக்கும் அடிப்படையாகும். தனித்த இழை மிக மெல்லியது. அதன் நீளமும் சிறிதே. இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் பிடிப்பே துணியின் வலிமை. அந்தப் பிடிப்பு எங்கே குறைகிறதோ அங்கேதான் துணி விட்டுக்கொடுக்கும்.

இதனை அறிந்துகொள்வதால் நமக்கு ஆவது என்ன என்று சிலர் கேட்கக்கூடும். ஒரே விலைக்கு வாங்கிய இரு பள்ளிச் சட்டைகளுள் ஒன்று ஆண்டு முழுவதும் உழைக்கிறது. மற்றொன்று மூன்றே மாதத்தில் தோளில் பிரிகிறது. இங்கே நட்டம் பணத்தோடு போகிறது. ஆனால், ஏணையின் மூட்டுத் தையல் பிரிந்தால் நட்டம் பணத்தோடு நிற்பதில்லை. ஆகவே, இழை நூலாவதும், நூல் துணியாவதும், துணி தைக்கப்பட்டுப் பொருளாவதும் எவ்வாறு என்பதை இக்கட்டுரையில் படிப்படியாகக் காண்போம்.

முறுக்கு தரும் பிடி

பருத்திப் பஞ்சின் இழை ஒவ்வொன்றும் பெரும்பாலும் 2 முதல் 4 சென்டிமீட்டர் நீளமே உடையது. அப்படியிருக்க, பல நூறு மீட்டர் நீளமுள்ள தையல் நூல் அதிலிருந்து எப்படி உருவாகிறது? இழைகளை ஒரே திசையில் சீராக அடுக்கி, ஒன்றன் முனை மற்றொன்றின் நடுவே வருமாறு நீட்டி, பின்னர் முறுக்குகிறார்கள். முறுக்கப்பட்ட நூலை நாம் இழுக்கும்போது, சுற்றியுள்ள இழைகள் உள்ளிருக்கும் இழைகளை நெருக்குகின்றன. நெருக்கம் மிகுந்தால் உராய்வு மிகும். உராய்வு மிகுந்தால் இழைகள் நழுவ மாட்டா. இழுக்க இழுக்க இறுகும் பிடி இது.

எனினும், முறுக்கு அளவோடு இருத்தல் வேண்டும். போதாத முறுக்குள்ள நூலில் இழைகள் நழுவிப் பிரியும். மிகையான முறுக்குள்ள நூலோ சுருண்டு முடிச்சிட்டுக்கொள்வதோடு, இழைகள் மிகவும் சாய்ந்து கிடப்பதால் பாரம் தாங்கும் ஆற்றலையும் இழக்கும்.

கயிறு திரிப்போர் இன்னொரு நுட்பத்தையும் கையாள்கின்றனர். புரிகளை ஒரு திசையில் முறுக்கி, அப்புரிகள் மூன்றையும் சேர்த்து எதிர்த் திசையில் முறுக்குவர். புரி தன் முறுக்கை அவிழ்க்க முயலும்போது கயிற்றின் முறுக்கு மேலும் இறுகும். கயிறு அவிழ முயன்றால் புரி இறுகும். ஒன்றன் அவிழ்வை மற்றொன்று தடுப்பதால் கயிறு நிலைத்து நிற்கிறது. வீட்டில் கிடக்கும் கயிற்றுத் துண்டொன்றின் முனையைப் பிரித்து, புரிகள் எத்திசையில் சுற்றியுள்ளன என்று பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்; உடனே விளங்கும்.

இக்கலை நம் முன்னோர் நன்கு அறிந்ததே. தமிழ்நாட்டில் மதுரைக்கு அருகிலுள்ள கீழடியில் 2014-15ஆம் ஆண்டுகளில் தொடங்கிய அகழாய்வில், நூல் நூற்கப் பயன்படும் சுடுமண் தக்களிகள் கிடைத்துள்ளன. தக்களி என்பது கம்பி ஒன்றில் கோத்த சிறு வட்டமான கனம். அது சுழன்று பஞ்சுக்கு முறுக்கேற்றும். ஆலையில் ஓடும் நூற்பு இயந்திரமும் செய்வது அதே வேலையைத்தான். வேகமும் அளவும் மட்டுமே மாறியுள்ளன.

பாவும் ஊடையும்

நூல் ஒரு திசை இழுவையை மட்டுமே தாங்கும். துணியோ எல்லாப் பக்கமும் தாங்க வேண்டும். அதற்கென மனிதன் கண்ட வழியே நெசவு. தறியில் நீளவாக்கில் விறைப்பாகக் கட்டப்படும் நூல்களுக்குப் பாவு என்று பெயர். குறுக்கே சென்று வரும் நூல் ஊடை. ஊடை நூல் ஒரு பாவு நூலுக்கு மேலும் அடுத்ததற்குக் கீழுமாக மாறி மாறிச் செல்கிறது. திரும்பி வரும்போது மேலாகச் சென்ற இடத்தில் கீழாகவும், கீழாகச் சென்ற இடத்தில் மேலாகவும் வருகிறது. இதுவே வெற்று நெசவு. வேட்டி, பள்ளிச் சட்டைத் துணி, சணற்சாக்கு ஆகியவற்றுள் பெரும்பாலானவை இம்முறையில் நெய்யப்பட்டவையே.

நூல்கள் ஒன்றையொன்று கடக்கும் ஒவ்வோர் இடமும் ஒரு பிடியாகும். அங்கே ஒரு நூல் மற்றொன்றை வளைத்து அழுத்துகிறது. ஒரு கைக்குட்டையில் இத்தகைய பிடிகள் இலட்சக்கணக்கில் உள்ளன. முடிச்சு ஒன்றுகூட இல்லை. ஆயினும், எந்த நூலும் தன் இடம் விட்டு எளிதில் நகர்வதில்லை. நூல்கள் நெருக்கமாக இருந்தால் பிடிகள் மிகுதி. இடைவெளி விட்டு நெய்திருந்தால் பிடிகள் குறைவு. துணி வாங்கும்போது அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதும், நகத்தால் ஊடை நூல்களைத் தள்ளிப் பார்ப்பதும் பெரியவர்களின் வழக்கம். நூல் எளிதில் நகர்ந்து இடைவெளி விழுந்தால் அத்துணி தையலோரத்தில் விரைவில் பிரியும் என்பதே அதன் பொருள்.

முரட்டுக் காற்சட்டைகளுக்குப் பயன்படும் ஜீன்ஸ் துணியை உற்று நோக்கினால் சாய்வான வரிகள் தெரியும். அங்கே ஒரு நூல் இரண்டு மூன்று நூல்களுக்கு மேலாகச் சென்று பின்னர் ஒன்றன் கீழ் நுழைகிறது. கடக்கும் இடங்கள் குறைவதால் நூல்களை இன்னும் நெருக்கி அடிக்க முடிகிறது. ஆகவே, துணி தடிப்பாகவும், உராய்வைத் தாங்குவதாகவும், அதே வேளையில் வளைந்து கொடுப்பதாகவும் அமைகிறது.

இவ்வளவு உறுதியான துணியைக் கடைக்காரர் கத்தரியால் ஒரு சிறு வெட்டுப் போட்டுவிட்டுச் சர்ரென்று கையால் கிழித்துவிடுகிறாரே, எப்படி? வெட்டில்லாத துணியை இழுக்கும்போது நூற்றுக்கணக்கான நூல்கள் பாரத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. வெட்டு விழுந்த துணியிலோ இழுவை முழுவதும் வெட்டின் முனையிலுள்ள ஓரிரு நூல்கள் மீதே வந்து விழுகிறது. அது அறும், உடனே அடுத்த நூல் தனியே அகப்பட்டுக்கொள்ளும், அதுவும் அறும். பாரத்தைப் பகிர இயலாதபோது நூல்கள் ஒவ்வொன்றாக வீழ்கின்றன. சிறு கிழிசலை அன்றே தைத்துவிட வேண்டும் என்று பாட்டிமார் வற்புறுத்துவதன் காரணம் இதுவே.

நெசவில் பிடியின் அருமையைக் காட்டும் சிறந்த எடுத்துக்காட்டு காஞ்சிபுரம் பட்டுச் சேலையாகும். சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் தனித்தனியே நெய்து பின்னர் ஒட்டவைப்பதில்லை. கோர்வை எனப்படும் முறையில், உடலுக்கு ஓர் ஊடை நாடாவும் இருபக்கக் கரைகளுக்கு இரண்டு நாடாக்களுமாக மூன்று நாடாக்கள் ஓடுகின்றன. நெசவாளியோடு துணையாள் ஒருவரும் தறியில் இருந்து கரை நாடாவை வீசுவார். உடலின் ஊடையும் கரையின் ஊடையும் சந்திக்கும் இடத்தில், இரு குழந்தைகள் விரல் கோத்துக்கொள்வதைப் போல, ஒன்றையொன்று கொக்கியிட்டுத் திரும்புகின்றன. ஒவ்வோர் ஊடை வரியிலும் இப்பிணைப்பு நிகழ்கிறது. முந்தானையின் நிறம் மாறும் இடத்தில், பழைய பாவு நூல் ஒவ்வொன்றோடும் புதிய பாவு நூலைப் பிணைத்து முறுக்கிச் சேர்ப்பர். இதற்குப் பேட்னி என்று பெயர். சேலை நைந்தாலும் கரை பிரியாது என்று மக்கள் பெருமையாகச் சொல்வது இப்பிணைப்பை எண்ணியே. திருமணத்திற்கு வாங்கும் சேலையில் உடலும் கரையும் சேரும் இடத்தைத் திருப்பிப் பார்த்தால், கோர்வையா அல்லது வெறும் நிற மாற்றமா என்பதை நாமே அறிந்துகொள்ளலாம்.

கண்ணிகளால் ஆன துணி

பனியன் நீண்டு கொடுக்கிறது. வேட்டி நீண்டு கொடுப்பதில்லை. இரண்டும் பருத்தி நூலே. வேறுபாடு அமைப்பில் உள்ளது. பனியனில் பாவும் இல்லை, ஊடையும் இல்லை. ஒரே நூல் கண்ணி கண்ணியாக வளைந்து, ஒரு வரிசைக் கண்ணிகள் முந்தைய வரிசைக் கண்ணிகளுக்குள் நுழைந்து தொங்குகின்றன. இழுக்கும்போது நூல் நீள்வதில்லை. கண்ணியின் வடிவமே மாறுகிறது. வட்டமாக இருந்த கண்ணி நீண்டு ஒடுங்குகிறது; விட்டவுடன் பழைய வடிவை நாடுகிறது. வெயிலிலும் வியர்வையிலும் குனிந்து நிமிர்ந்து மரம் வெட்டும் தொழிலாளிக்கு இத்தகைய உடை உடலோடு இசைந்து வருவதன் காரணம் இதுவாகும்.

கையால் மட்டும் செய்யப்பட்டுவந்த இப்பின்னல் வேலைக்கு, இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பவர் 1589ஆம் ஆண்டிலேயே ஓர் இயந்திரத்தை அமைத்தார். இன்று தமிழ்நாட்டின் திருப்பூர் நகரம் பனியனுக்கும் பின்னலாடை ஏற்றுமதிக்கும் உலகறிந்த இடமாக விளங்குகிறது.

ஆனால், இவ்வமைப்புக்கு ஒரு குறையும் உண்டு. ஒவ்வொரு கண்ணியையும் அடுத்த கண்ணியே தாங்கிநிற்கிறது. ஒரு கண்ணி அறுந்தால் அது தாங்கிய கண்ணியும் நழுவும்; அவ்வாறே ஏணிப் படிகள் போல நீண்ட ஓட்டை விழும். பனியனில் சிறு துளை கண்டவுடன், அதனைச் சுற்றியுள்ள கண்ணிகளை நூலில் கோத்து நிறுத்திவிட்டால் ஓட்டை பரவாது. துளையை வெறுமனே இழுத்துக் கட்டித் தைத்தால், நீளும் துணியில் நீளாத ஒரு கட்டி உண்டாகி, அதனருகே மறுபடியும் கிழியும்.

தையல் என்னும் பூட்டு

நெய்த துணியைச் சட்டையாகவோ பையாகவோ ஆக்குவது தையல். இங்கே பாரம் ஒரு துணியிலிருந்து மற்றொரு துணிக்குச் செல்ல வேண்டும். அதைக் கொண்டு செல்வது ஒரு மெல்லிய நூல். ஆகவே, நல்ல துணியிலும் முதலில் பிரிவது பெரும்பாலும் தையலே.

அரிசிச் சாக்கின் வாயை நாம் எவ்வாறு திறக்கிறோம் என்பதை நினைத்துப் பாருங்கள். சரியான முனையைக் கண்டு ஒரு வெட்டு வெட்டி நூலை இழுத்தால், தையல் முழுவதும் சரசரவென்று அவிழ்ந்துவிடும். இது சங்கிலித் தையல். ஒரு கண்ணிக்குள் அடுத்த கண்ணி நுழைந்து நிற்பதால், கடைசிக் கண்ணியை விடுவித்தால் எல்லாம் விடுபடும். சாக்குக்கு இது குற்றமன்று. எளிதில் திறக்க வேண்டும் என்பதற்காகவே அப்படித் தைக்கிறார்கள். ஆனால், பிள்ளையின் காற்சட்டை அவ்வாறு அவிழலாகாது.

வீட்டுத் தையல் இயந்திரம் இடுவது பூட்டுத் தையல். இதற்கு இரண்டு நூல்கள். மேல்நூல் ஊசிக் காதில் உள்ளது. கீழ்நூல் சிறு உருளையில் சுற்றப்பட்டுத் தட்டின் அடியில் உள்ளது. ஊசி துணியைத் துளைத்துக் கீழிறங்கிச் சற்றே மேலெழும்போது, மேல்நூல் சிறு கண்ணியாக விரிகிறது. கொக்கி அக்கண்ணியைப் பற்றிக் கீழ்நூலைச் சுற்றி வரச்செய்கிறது. ஊசி மேலே செல்ல, இரு நூல்களும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு துணியின் நடுவே பூட்டப்படுகின்றன. ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் அடுத்த பூட்டுகள் தனித்தனியே நிற்பதால், தையல் ஒரே இழுப்பில் அவிழ்வதில்லை.

பிரான்சு நாட்டில் தீமோனியே என்னும் தையற்காரர் 1830ஆம் ஆண்டு சங்கிலித் தையல் இயந்திரத்திற்கு உரிமை பெற்றார். தங்கள் பிழைப்புப் போய்விடுமோ என்று அஞ்சிய தையற்காரர்கள் 1831இல் பாரிஸில் அவருடைய இயந்திரங்களை உடைத்தனர். பூட்டுத் தையல் இயந்திரத்திற்கு அமெரிக்கரான எலியாஸ் ஹோவே 1846இல் உரிமை பெற்றார். 1851இல் ஐசக் சிங்கர் அதனைச் சீர்படுத்திப் பரவச் செய்தார். அவர் பெயர் தாங்கிய இயந்திரம் தோட்டப்புற வீடுகளிலும் இடம்பெற்றது. கெமாஸ் எனப்படும் சமூக மேம்பாட்டுத் துறை நடத்திய தையல் வகுப்புகளில் பயின்ற பெண்கள் பலர் அதனால் குடும்ப வருவாய்க்குத் துணை தேடிக்கொண்டனர்.

இயந்திரத்தில் தைப்போர் மனத்திற் கொள்ள வேண்டியவை இரண்டு. முதலாவது, இரு நூல்களின் இறுக்கமும் சமமாக இருத்தல் வேண்டும். மேல்நூல் மிக இறுகினால் பூட்டு துணியின் நடுவே விழாமல் மேற்பரப்புக்கு வந்துவிடும். மேல்நூல் கயிறு போல நேராகக் கிடக்கும். அதை ஒரு முனையில் பிடித்து இழுத்தாலே தையல் பிரியும். இரண்டாவது, தையல் நெருக்கமாக இருந்தால்தான் பலம் என்று எண்ணுவது முழு உண்மையன்று. அஞ்சல் தலைகளைப் பிரித்தெடுக்க நெருக்கமான துளைகள் உதவுவது போல, ஊசித் துளைகள் அளவுக்கு மீறி நெருங்கினால் துணி அந்த வரியிலேயே கிழியும். சாதாரணச் சட்டைத் துணிக்கு ஓர் அங்குலத்திற்கு 10 முதல் 12 தையல் போதுமானது.

கையால் தைப்போருக்கு ஓட்டுத் தையல் விரைவானது. ஆனால், அது ஒரே நூல் உள்ளும் வெளியுமாகச் செல்வதாதலால் நழுவக்கூடியது. பின் தையலில் ஊசி ஒவ்வொரு முறையும் பின்னோக்கி வந்து முன்னோக்கிச் செல்கிறது. நூல் தன்னையே தாண்டிக் கிடப்பதால் பிடிப்பு மிகும். அக்குள், காற்சட்டையின் இருக்கைப் பகுதி, பைப்பிடி போன்ற பாரம் விழும் இடங்களுக்குப் பின் தையலே ஏற்றது. இன்னும் வலிமை வேண்டுமெனில், இரு துணிகளின் விளிம்புகளையும் ஒன்றுக்குள் ஒன்றாக மடித்து இரட்டை வரித் தையல் போட வேண்டும். ஜீன்ஸ் காற்சட்டையில் இதைக் காணலாம். இங்கே நூல் மட்டுமன்றி, துணியின் மடிப்புகளும் ஒன்றையொன்று கொக்கியிட்டு நிற்கின்றன. வெட்டிய விளிம்பும் உள்ளே அடைபடுகிறது.

தெப்ராவ் மண்ணும் துணியும்

இதுவரை பஞ்சையும் பட்டையும் பற்றிப் பேசினோம். பால்மரம் வெட்டும் நமக்கும் துணிக்கும் தொழில் முறையில் உறவு உண்டா எனில், உண்டு. ஜொகூரிலுள்ள தெப்ராவ் வட்டாரத்தின் கதையே அதற்குச் சான்று.

1844ஆம் ஆண்டு டான் கீ சூன் என்பவர் தலைமையில் சீனர்கள் தெப்ராவ் ஆற்றங்கரையில் குடியேறிக் கம்பிர் பயிரிட்டனர். வெற்றிலையோடு மெல்லும் காசுக்கட்டியாகப் பயன்படுவது இக்கம்பிரின் சாறே. ஆனால், உலகச் சந்தை அதை வாங்கியது தோல் பதனிடவும் துணிக்குச் சாயமேற்றவும் ஆகும். தோலும் இயற்கை பின்னிய ஓர் இழைப் பின்னலே. கம்பிரிலுள்ள துவர்ப்புப் பொருள் அவ்விழைகளை ஒன்றோடொன்று பிணைப்பதால் தோல் அழுகாமல் உறுதி பெறுகிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்பிருக்குப் பதிலாக ரப்பர் இடம்பிடித்தது. பால்மரங்கள் நின்ற தெப்ராவ் நிலங்கள் பலவற்றில் இன்று குடியிருப்புகளும் தொழிற்பேட்டைகளும் எழுந்துள்ளன. அதே ஜொகூர் மாநிலத்தில் பத்து பஹாட் நகரம் துணி, ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளுக்குப் பெயர் பெற்றது.

கம்பிருக்குப் பின் வந்த ரப்பரும் துணியைவிட்டு விலகி நிற்கவில்லை. 1823இல் சார்ல்ஸ் மாக்கிண்டாஷ் என்பவர் இரு துணிகளுக்கிடையே ரப்பரைப் பூசி மழையங்கித் துணி செய்யும் முறைக்கு உரிமை பெற்றார். 1888இல் ஜான் பாய்ட் டன்லப், பெல்ஃபாஸ்ட் நகரில் காற்றடைத்த டயரைச் செய்தார். ரப்பர் நீளும் தன்மையுடையது. காற்றை அடைத்தால் அது ஊதிப் பெருத்துவிடும். ஆகவே, அதைக் கட்டுப்படுத்த முரட்டுத் துணி தேவைப்பட்டது. ரப்பர் காற்றைக் காத்தது. துணி வடிவத்தைக் காத்தது.

ஆனால், புதிய இடையூறு ஒன்று தோன்றியது. நெசவுத் துணியில் நூல்கள் கடக்கும் இடங்களே அதன் பிடி என்று முன்னர் கண்டோம். உருளும் டயரிலோ துணி கணந்தோறும் வளைந்து நிமிர்கிறது. அப்போது அதே இடங்களில் நூல்கள் ஒன்றையொன்று அரம்போல் அராவின, சூடு மிகுந்தது, துணி அறுந்தது. 1890களில் ஜான் பால்மர் என்னும் அமெரிக்கர் இதற்கு வழி கண்டார். முறுக்கிய நூற்கயிறுகளை ஒன்றையொன்று கடக்கவிடாமல் பக்கம் பக்கமாக அடுக்கி, ஒவ்வொன்றையும் ரப்பருக்குள் பதித்தார். அடுத்த அடுக்கை வேறு திசையில் சாய்த்து வைத்தார். இரண்டுக்கும் இடையே ரப்பர் நின்றது. நூல்கள் தாமே பற்றிக்கொள்வதற்குப் பதிலாக, ரப்பர் அவற்றைப் பற்றிக்கொண்டது. பாரத்தை நூல் தாங்க, பிடிப்பை ரப்பர் தந்தது. பின்னர் பருத்தி நூல் போய் ரேயான், நைலான், பாலியெஸ்டர், எஃகுக் கம்பி எனப் பொருள்கள் மாறினவே தவிர, இந்த அடிப்படை மாறவில்லை.

நைலான், ரேயான் போன்ற வழுவழுப்பான நூல்கள் ரப்பரோடு எளிதில் ஒட்டமாட்டா. அதற்காக அவற்றை ரப்பர்ப் பாலும் பிசினும் கலந்த கரைசலில் தோய்த்து உலர்த்துகிறார்கள். தரைவிரிப்பின் அடிப்புறத்தில் இழைக் கொத்துகள் உதிராமல் பிடித்திருப்பதும் பல வேளைகளில் இத்தகைய பாற்பூச்சே. விடியற்காலையில் மங்கில் சொட்டும் பால், உலகின் எங்கோ ஒரு மூலையில் இழைகளைப் பிணைக்கும் வேலையைச் செய்கிறது என்பது நாம் எண்ணி மகிழத்தக்கது.

இல்லத்தில் கவனிக்க வேண்டியவை

மேற்கண்டவற்றால் நாம் பெறும் நடைமுறைப் பயன்கள் சில உண்டு.

முதலாவதும் முக்கியமானதும் ஏணை. கைலி என்பது ஒரே மூட்டுத் தையலால் வளையமாக்கப்பட்ட துணி. அதை ஏணையாகத் தொங்கவிடும்போது, குழந்தையின் பாரம் அவ்வளையத்தைச் சுற்றி இழுக்கிறது. அதாவது, மூட்டுத் தையலைப் பிரிக்கும் திசையிலேயே இழுக்கிறது. கடையில் வாங்கும் கைலியின் ஒற்றை வரித் தையல் உடுத்துவதற்குப் போதும். குழந்தையைத் தாங்க அதை நம்பலாகாது. விளிம்புகளை மடித்து இரட்டை வரித் தையல் போட்ட பின்னரே ஏணைக்குப் பயன்படுத்த வேண்டும். தையல் குழந்தையின் முதுகுக்கடியில் மறைந்திராமல், கண்ணுக்குத் தெரியும் பக்கத்தில் இருக்கட்டும். நாள்தோறும் குழந்தையைப் படுக்கவைக்குமுன் தையலையும், கயிறும் கொக்கியும் உராயும் இடத்தையும் பார்த்துவிடுங்கள். பலமுறை துவைத்து மெலிந்துபோன பழைய கைலி மென்மையாக இருக்கும். ஆனால், அந்த மென்மை இழைகள் தேய்ந்ததன் அடையாளமாகும்.

இரண்டாவது, அமிலம். பாலை உறையவைக்கும் ஃபார்மிக் அமிலம் பருத்தி இழையை மெல்ல அரிக்கும். செறிவான நிலையிலோ அது நைலானைக் கரைத்தே விடும். அமிலக் கலங்களைத் தூக்கவோ கட்டவோ நைலான் கயிற்றைப் பயன்படுத்தலாகாது. உடையில் தெறித்தால் உடனே மிகுதியான நீரில் அலசுதல் வேண்டும். கறை தெரியவில்லை என்று விட்டுவிட்டால் சில நாள்களில் அவ்விடம் தானே பொத்தலாகும்.

மூன்றாவது, வெயில். நைலானும் பிளாஸ்டிக் கயிறும் நெடுநாள் வெயிலில் கிடந்தால் வலிமை இழக்கும். மேற்பரப்பில் தூள் உதிர்ந்தாலோ, வளைக்கும்போது நொறுங்கினாலோ அக்கயிற்றைப் பாரம் கட்டப் பயன்படுத்தாதீர்கள்.

நான்காவது, வாகனத்தின் இருக்கை வார். நம் நாட்டில் முன்னிருக்கையில் அமர்வோருக்கு 1979 முதலும் பின்னிருக்கையில் அமர்வோருக்கு 2009 முதலும் இது கட்டாயமாக்கப்பட்டது. 5 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான அகலமுள்ள அந்த வாரில், நூற்றுக்கணக்கான பாவு நூல்கள் நெருக்கமாக நெய்யப்பட்டுள்ளன. அதன் முனைகளில் காணப்படும் வளைந்து நெளிந்த தையல் அழகுக்காக இடப்பட்டதன்று. பாரம் ஒரு வரியில் விழாமல் பரந்து விழும்பொருட்டு இடப்பட்டது. ஓரம் பிசிறிய வாரையோ, முறுக்கிக் கிடக்கும் வாரையோ அணிந்தால் பாரம் சில நூல்கள் மீதே விழும். பிசிறிய வாரை வீட்டில் தைத்துச் சரிசெய்ய முயலாமல் மாற்றிவிட வேண்டும்.

ஐந்தாவது, கிழிசல். சிறு துளைக்கு இழையோடுதல் சிறந்தது. துளையின் விளிம்புக்கு அப்பால், உறுதியான பகுதியில் தொடங்கி, முதலில் நீளவாக்கில் நூல்களை ஓட்டுங்கள். பின்னர் குறுக்கே ஒன்றின் மேலும் அடுத்ததன் கீழுமாக ஊசியைக் கொண்டு செல்லுங்கள். இது வேறொன்றுமன்று, சிறிய தறி ஒன்றை ஊசிமுனையில் நடத்துவதேயாகும். பெரிய கிழிசலுக்கு ஒட்டுத்துணி வேண்டும். அதுவும் நைந்த பகுதியைக் கடந்து நல்ல துணியைப் பற்றியிருக்க வேண்டும்; அதன் நீளவாக்கு நூல்கள் உடையின் நீளவாக்கு நூல்களோடு ஒத்திருக்க வேண்டும்.

சேலையோ, சட்டையோ, கயிறோ எதை எடுத்தாலும், இழை என்ன என்று கேட்பதோடு நில்லாமல், பிடிப்பு எங்கே என்றும் தேடிப் பார்ப்போம். முறுக்கையும், நெருக்கத்தையும், விளிம்பையும், மூட்டையும் நோக்கும் கண் நமக்கு வாய்த்துவிட்டால், காசுக்கேற்ற துணியைத் தேர்ந்தெடுக்கலாம். உள்ளதை நெடுநாள் காக்கலாம். வீட்டில் ஏணை கட்டியிருப்போர் இன்றைக்கே அதன் மூட்டுத் தையலை இரு கைகளாலும் இழுத்துப் பார்ப்பார்களாக. வரிகளுக்கிடையே வெளிச்சம் தெரிந்தால் நாளைக்கென்று வைக்காமல், மடித்து இரட்டை வரி போட்டுத் தைத்த பின்னரே குழந்தையை அதில் உறங்கவைப்பார்களாக.